பூஜ்யத்தை அழுத்தினால்

முஹர்ரக்கில் எங்கள் மருத்துவமனைக்கு
யார் அழைத்தாலும் முதலில் கொஞ்சம் இசை.
அப்புறம் பூஜ்யத்தை அழுத்தச் சொல்லும்.
அழுத்தினால் நான்.
ஜெனோவா என்ற பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.
ஜூலை மாதம். உள்ளே குளிர் நடுக்கும்.
ஜன்னல் கண்ணாடிக்கு
வெளிப்பக்கம்தான் வியர்க்கிறது.

பக்கத்து நாற்காலியில் புதைனா
குபூஸைக் கிழித்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள்:
எங்கள் பாஷையில் இது ஹாத்திஃப்.
யந்திரம் வருவதற்கு முன்பே இருந்த சொல்.
பாலையில் ராத்திரி யாரோ கூப்பிடுவார்கள்
திரும்பினால் ஆள் இருக்காது
அந்தக் குரலுக்கு அதுதான் பெயர்.
அப்படியென்றால் நீயும் நானும், என்றேன்.
சம்பளம் வாங்கும் ஹாத்திஃப், என்று சிரித்தாள்.

உங்களில் என்ன என்று கேட்டாள்.
தொலைபேசி.
தொலை தூரம், பேசி பேசுவது.
கிரேக்கத்தில் வெட்டிய அதே இரண்டு துண்டுத் துணி
எங்கள் அளவுக்குத் தைத்துக்கொண்டோம்.

தொலைக்கு இன்னொரு குணம் உண்டு
அதை நான் சொல்லவில்லை.
சாவியைத் தொலைப்போம். கூட்டத்தில் தொலைவோம்.
எரிச்சல் வந்தால் எந்த வேலைக்குப் பின்னாலும்
ஒரு உதை மாதிரி வைப்போம்:
தின்று தொலை. வந்து தொலை.
அரபியில் அதற்கு எனக்கு வாய் போதாது.

வீட்டில் யார் தொலைபேசி என்றார்கள்?
நாகர்கோவிலில் ஃபோன் போடுவோம், ஃபோன் அடிப்போம்
எடுப்போம், கட் பண்ணுவோம்.
முடிக்கிற சொல்தான் எனக்குப் பிடிக்கும்:
வைக்கட்டா?
கேட்டுவிட்டு இன்னும் கால்மணி நேரம்
மீன் விலை பேசுவோம்.
எதையும் எதன்மேலும் வைக்கத் தேவையில்லாத காலத்திலும்
வைக்கட்டா, வைக்கட்டா.

நேற்று இரவு இரண்டேகால். நாலாம் வார்டு கேட்டான்.
தமிழ் என்று மூச்சிலேயே தெரிந்தது.
"காக்காகிட்ட பேசணும்."
ஒரு நொடி காகம் என்றே நினைத்தேன்.
கீழக்கரையில் அண்ணனை அப்படிக் கூப்பிடுவார்களாம்.
இவன் ஜெய்லானி. அண்ணன் செய்யது இபுராகீம்
சாரத்திலிருந்து விழுந்து பதினோரு நாள்
இன்னும் கண் திறக்கவில்லை.

ஊரிலிருந்து இல்லை, அல் கோபரிலிருந்து அழைக்கிறான்.
பாலத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.
பாஸ்போர்ட் கஃபீலின் அலமாரியில்.
அலமாரி எவ்வளவு தூரம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரவு நர்ஸ் மாரிசெல்
கெஞ்சியபின் ரிசீவரை இழுத்துக் கட்டில்வரை கொண்டுபோனாள்
காதோரம் தலையணையில் சாய்த்து வைத்தாள்.
இணைத்துவிட்டு விலக வேண்டும், அது விதி.
நான் விலகவில்லை.

சலாம் சொன்னான்.
மோட்டாருக்குப் பணம் கட்டியாயிற்று என்றான்.
உன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது
காட்டச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாளாம்.
அந்தப் பக்கம்
காற்றை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் யந்திரம் மட்டும்.
பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு:
"ஒரு வார்த்தை பேசித் தொலையேன் காக்கா."

புதைனாவிடம் நான் பெருமையாகச் சொன்ன சொல்
திருப்பிப் போட்டுக் கிடந்தது.

வைக்கட்டா, என்றான் அப்புறம்.
காத்திருந்தான்.
வைக்கட்டா காக்கா.
சரி என்று எதிர்ப்பக்கம் சொல்லாமல்
வைத்துப் பழக்கமில்லை எங்களில் யாருக்கும்.
கம்பெனி ஃபோனாக இருக்க வேண்டும், கார்டு என்றால்
எப்போதோ அறுந்திருக்கும்.

மூன்றரை வாக்கில் இங்கே பாங்கு.
அது முடிகிற நேரத்தில்
காதுக்குள் அவன் பக்கத்துப் பாங்கு தொடங்கியது.
பலகையில் நாலாம் வார்டின் பச்சை விளக்கு
அணையவில்லை.

தேநீரோடு வந்த புதைனா
யாரது இன்னும் லைனில், என்றாள்.
எந்த முனையைக் கேட்கிறாள் என்று தெரியாமல்
ஹெட்ஃபோனைக் கழற்றி
அவள் காதில் மாட்டினேன்.